புயல் மாதத்துக்கு ஒரு விறகடுப்பு

ஊட்டி பங்களாக்களில் குளிர்காயக் கணப்படுப்பு உண்டு. புதுச்சேரியை அடுத்த இடையஞ்சாவடியில் மார்கழிக்கும் ஒரு போர்வை போதும். இங்கே மாற்று அடுப்பு வேண்டியிருப்பது ஐப்பசி முதல் மார்கழி வரை, சோறு பொங்க. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்து, நகராமல் நின்று கொட்டியது. கரன்ட் போனால் இண்டக்‌ஷன் அடுப்பு சும்மா கிடக்கும். ரோட்டில் மரம் சாய்ந்தால் சிலிண்டர் வண்டியும் வராது.

இரண்டு சிலிண்டர் வைத்திருந்து, ஒன்றை எப்போதும் நிரப்பியே வைத்திருப்பவர்கள் இதை மேலே படிக்க வேண்டியதில்லை. ஒற்றை சிலிண்டர் வீட்டுக்காரர்கள் படிக்கலாம்.

கடைக்காரர் முதலில் விறகு எவ்வளவு மிச்சமாகும் என்றுதான் சொல்வார். நான் முதலில் பார்ப்பது வேறு: பதினொரு மாதம் ஒரு மூலையில் கிடந்துவிட்டு, கூப்பிட்ட அன்றைக்கு எரியுமா?

மண் அடுப்பு அந்தச் சோதனையில் பாதி தேறும். துரு இல்லை, செலவில்லை, உடைந்தால் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக்கொள்ளலாம். ஆனால் தாழ்வாரத்தில் சாரல் பட்டால் கரைந்துவிடும். உள்ளே போட்டால் வீடெல்லாம் புகை. புகைபோக்கி வைத்துக் கட்டிய அடுப்பு நல்லதுதான், பின்கட்டில் தனிச் சமையற்கட்டு உள்ளவர்களுக்கு. வருஷத்தில் நாலு நாளுக்காகக் கூரையைத் துளைப்பது வீண் வேலை. துளைத்த இடத்தில் மழை ஒழுகுவது தனிக் கதை.

விசிறி வைத்த அடுப்புகள் விறகை நன்றாக எரிக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13152, விசிறி அடுப்புக்குக் குறைந்தது 35 சதவீதமும் விசிறி இல்லாததற்கு 25 சதவீதமும் வெப்பத்திறன் கேட்கிறது. ஆனால் விசிறிக்கு பேட்டரி வேண்டும். சார்ஜ் போட மறந்த பேட்டரி புயலன்று உதவாது. அழுத்திய உருண்டை எரிபொருளை நம்பும் அடுப்பும் அப்படித்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு வந்த ஊர்ஜா அடுப்பு நன்றாகவே எரிந்தது. உருண்டை விலை ஏறியதும் வீடுகளில் அணைந்தது.

மிச்சம் ராக்கெட் அடுப்பு. பக்கவாட்டில் ஒரு வாய், உள்ளே திரும்பி மேலே போகும் குழல், அவ்வளவுதான். வாயில் ஒரு சிறு தட்டு இருக்க வேண்டும்: குச்சி அதன்மேல், காற்று அதன்கீழ். வாயை விறகால் அடைத்தால் காற்று நின்று புகை கிளம்பும். மூன்று நாலு குச்சியை வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் குடும்பத்துக்கு, நல்ல அடுப்பில் நாளொன்றுக்குச் சுமார் இரண்டே கால் கிலோ காய்ந்த விறகு போதும் என்று என் கணக்கு. மூன்று கல் கூட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பு.

வாங்கும்போது குழல் எதனால் ஆனது என்று கேளுங்கள். கடற்காற்றில் மெல்லிய இரும்புத் தகடு சீக்கிரம் பொத்தலாகும். துருப்பிடிக்காத எஃகோ வார்ப்பிரும்போ தாங்கும், கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சாம்பல் ஈரத்தை இழுக்கும் என்பதால் சமையல் முடிந்து ஆறியதும் கொட்டிவிடுங்கள். மூடி வைக்கக் கோணிப்பையே நல்லது, பிளாஸ்டிக் தாளுக்குள் வியர்த்துத் துருவேறும்.

விறகுக்கு இங்கே பஞ்சமில்லை: சவுக்கு மிலாறு, முந்திரிக் கழி, வேலிகாத்தான். கட்டைவிரல் கனத்தில் வெட்டி, ஆடி வெயிலிலேயே காய வைத்துப் பரணில் ஏற்றுங்கள். இரண்டு குச்சியைத் தட்டினால் ‘டக்’கென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் ஈரம். பச்சை விறகில் எந்த அடுப்பும் புகையத்தான் செய்யும். விறகுத் தொட்டியில் வாங்கினால், “அண்ணே, எப்ப வெட்டுனது?” என்று கேட்டுவிட்டே எடை போடச் சொல்லுங்கள். ஐந்து நாளுக்குப் பதினைந்து கிலோ போதும்.

மழைக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எரிக்கவே கூடாது. புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும். கூரையுள்ள திறந்த திண்ணைதான் இடம். அதுவும் இல்லாத மாடிக் குடித்தனமா? விறகடுப்பை விட்டுவிட்டு 5 கிலோ சிலிண்டர் ஒன்று வாங்குங்கள். முகவரிச் சான்று இல்லாமலும் கிடைக்கிறது.