‘ஒரு புல்லி மாத்தினா போதும் சார்!’: ஜீப்பின் சக்தியைக் கூட்டும் முன் ஒரு பாடம்

“ஒரு சின்ன புல்லி மாத்தினா போதும் சார், வண்டி பறக்கும்!”

மேடு பள்ளத்தில் ஓட்டும் ஜீப் வகை வண்டி வைத்திருப்பவரா நீங்கள்? அப்படியானால் இந்த வார்த்தை எப்போதாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். மணல் மேட்டில் ஒரு வண்டி சீறிக்கொண்டு ஏறும் வீடியோ வாட்ஸ்அப்பில் வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் போய் விலை விசாரிக்கிறோம். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சின்ன புல்லியை மாற்றினால் அதன் பின்னால் எதெல்லாம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டு பணத்தை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இன்ஜின் மட்டும் மாறுவதில்லை. உங்கள் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாமே அதோடு சேர்ந்து அசைகின்றன.

முதலில் இன்ஜினைப் பார்ப்போம். பிறகு காகிதங்களுக்கு வருவோம்.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

இன்ஜினுக்குச் சாப்பாடு பெட்ரோல் மட்டும் இல்லை, காற்றும்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. ஆக, கூடுதல் சக்தி வேண்டுமென்றால் கூடுதல் காற்று உள்ளே போக வேண்டும்.

சாதாரண இன்ஜின் தானாக மூச்சு இழுக்கும். சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பம்ப். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்து ஒரு பெல்ட் இதைச் சுழற்றுகிறது. டர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சுழற்றுவது சைலன்சர் வழியாக வெளியேறும் புகையின் வேகம். பெல்ட்டில் ஓடுவதால் சூப்பர்சார்ஜர் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன், குறைந்த வேகத்திலேயே இழுவையைக் கொடுக்கும். அதற்கு ஈடாக, தன்னைச் சுழற்றிக்கொள்ள இன்ஜினின் சக்தியிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஒரே இன்ஜின், இரண்டு உருவம்

இதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு ரேஞ்ச் ரோவரில் 2009-இல் வந்த 5 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின். இது சூப்பர்சார்ஜர் இல்லாமலும் வந்தது, சூப்பர்சார்ஜருடனும் வந்தது. இல்லாததற்கு 375 குதிரைத்திறன். உள்ளதற்கு 510. அதாவது 135 குதிரைத்திறன் அதிகம்.

இந்த வித்தியாசம் பம்பை மட்டும் மாட்டியதால் வந்ததா? இல்லவே இல்லை. சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினின் அமுக்க விகிதம் 11.5:1. சூப்பர்சார்ஜர் உள்ளதில் அதை 9.5:1 ஆகக் குறைத்தார்கள். ஏற்கெனவே அழுத்தப்பட்டு வரும் காற்றைப் பிஸ்டன் மறுபடியும் அதே அளவு அழுத்தினால், தீப்பொறியால் மூண்ட சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடித்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். காற்றைக் குளிர்விக்கத் தண்ணீரில் இயங்கும் இன்டர்கூலர்களும் அந்த இன்ஜினில் சேர்ந்தன. தயாரிப்பாளரே இவ்வளவு மாற்ற வேண்டியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

புல்லியை மாற்றினால் நடப்பது

சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கினால், அதே இன்ஜின் வேகத்தில் பம்ப் அதிகம் சுழலும். ஒரு கணக்குப் போடுவோம். கிராங்க் புல்லி 180 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 75 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் பம்ப் 2.4 சுற்றுச் சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது பம்ப் 14,400 சுற்று. சின்ன புல்லியை 68 மி.மீ. ஆக்கினால் பம்ப் சுமார் 15,900 சுற்றுக்குப் போய்விடும். காற்று கூடும். சங்கிலியின் அடுத்த கண்ணிகள் இங்கேதான் ஒவ்வொன்றாக இழுபடத் தொடங்கும்.

1. சூடு: காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 30 டிகிரி காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், அது 90 டிகிரியைத் தொடக்கூடும். கத்திரி வெயிலில் 40 டிகிரியில் தொடங்கினால் 100-ஐத் தாண்டலாம். இன்டர்கூலர் பழைய அளவுக்குத்தான் செய்யப்பட்டது. சூடு தாங்காமல் இ.சி.யு. தீப்பொறி நேரத்தைத் தானே பின்தள்ளும். செலவு செய்து வாங்கிய சக்தி மதிய வெயிலில் காணாமல் போகும்.

2. எரிபொருள்: காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இன்ஜெக்டரும் உயர் அழுத்தப் பம்பும் தங்கள் எல்லைக்கு வந்துவிட்டால் கலவை மெலிந்து, பிஸ்டன் உருகும் அளவுக்குச் சூடேறும். எத்தனால் எரிய பெட்ரோலை விடக் குறைந்த காற்றுதான் தேவை. அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேணும். எத்தனால் கலந்த பெட்ரோல் போடும் வண்டியில் இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியானது.

3. இ.சி.யு. ரீமேப்: மேலே சொன்னவற்றையெல்லாம் கட்டுப்படுத்தும் மூளை இ.சி.யு. அதன் கணக்கை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். தயாரிப்பாளர் வெயில், குளிர், மலை, தரம் குறைந்த பெட்ரோல் என எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு எழுதியிருப்பார். ரீமேப் பெரும்பாலும் அந்த இடைவெளியைத்தான் தின்கிறது.

4. காற்று வடிகட்டி: பானட்டுக்குள் திறந்தபடி மாட்டும் கூம்பு வடிகட்டி சத்தத்தைக் கூட்டும், கூடவே சூடான காற்றையும் இழுக்கும். காட்டாற்றைக் கடக்கும்போது தாழ்வாக மாட்டிய வடிகட்டி தண்ணீரை இழுத்தால் கதை முடிந்தது. தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

5. பிரேக்: 80 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியை 100-க்குக் கொண்டுபோனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் கால் பங்கு கூடுவதில்லை; பாதிக்கு மேல் கூடுகிறது. பிரேக்கோ பழையதுதான்.

மேட்டில் ஏற உண்மையில் எது வேணும்?

மணலிலும் சேற்றிலும் வண்டி சிக்குவது பெரும்பாலும் சக்தி போதாமல் இல்லை, பிடிப்பு போதாமல்தான். சக்கரம் சுற்றிக்கொண்டே குழி தோண்டும் வண்டிக்குக் கூடுதல் குதிரைத்திறன் கொடுத்தால் குழி ஆழமாகும், அவ்வளவுதான். லோ ரேஞ்ச் கியரும், நல்ல டயரும், மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைப்பதும் செய்யும் வேலையை எந்தப் புல்லியும் செய்யாது. தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் காற்றை மறுபடி நிரப்ப மறக்காதீங்க.

ஊட்டி போன்ற 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அங்கே ‘வண்டி இழுக்கல’ என்று தோன்றுவது இயல்பு. அது இன்ஜின் கோளாறு இல்லை.

இப்போது உங்கள் ஆர்.சி.யை எடுங்க

அச்சிட்ட ஆர்.சி.யில் இன்ஜின் எண், சேசிஸ் எண், நிறம், எரிபொருள் ஆகியவற்றோடு கன அளவு, குதிரைத்திறன் என்ற வரியையும் பார்க்கலாம். பலர் கவனிக்காமல் விடும் வரி இது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு சொல்வது எளிமையானது: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாற அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்துவது, மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியை மாற்றுவது போன்றவற்றுக்கு விதிகளுக்கு உட்பட்ட வழி உண்டு. அனுமதியோடு மாற்றம் செய்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ‘வேகமா போகணும்’ என்பதற்காகச் சக்தியைக் கூட்டுவது இந்தப் பட்டியலில் இல்லை.

மீறினால்? 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனிங்க. புல்லி ஒன்று, சைலன்சர் ஒன்று என்று எண்ணப்படலாம். சைலன்சரையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றி, ஒலி, புகை வரம்பை மீறினால், 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமும், ஓட்டுநர் உரிமத்துக்கு 3 மாதத் தடையும் வரும்.

அபராதத்தை விடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். நிறுவனத்திடம் சொல்லாமல் இன்ஜினை மாற்றி, பிறகு ஒரு விபத்து நடந்தால், உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையில் சிக்கல் வரும். எதிரே வந்தவர் காயப்பட்டிருந்தால், அந்த இழப்பீட்டின் சுமை உங்கள் குடும்பத்தின் தலையில் விழும் நிலைகூட வரலாம். 50,000 ரூபாய் புல்லிக்காக வீட்டைப் பணயம் வைக்கலாமா? ஒரு நிமிஷம் யோசிங்க.

கைபேசியிலேயே செய்யக்கூடியவை

• எம்-பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் உங்கள் ஆர்.சி.யைச் சேர்த்து வையுங்கள். சோதனையின்போது இவற்றைக் காட்டலாம். செயலியை பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘உங்களுக்கு சலான் வந்திருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் திறக்காதீங்க. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

• பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் எண், நிறம், எரிபொருள் மூன்றையும் ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிடுங்கள். இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து நிலுவை இருக்கிறதா என்று பாருங்க. முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கும், பெயர் மாறிய பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

• புகைச் சான்றின் கடைசித் தேதியைக் கைபேசி நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

• அனுமதிக்கப்பட்ட மாற்றம் என்றால், முதலில் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேணும்.

சட்டத்துக்குள் சக்தி

‘வண்டி முன்ன மாதிரி இழுக்கல’ என்பதுதான் உங்கள் குறை என்றால், பெரும்பாலும் அது தொலைந்துபோன சக்தி. அதைத் திரும்ப வாங்கலாம். சூப்பர்சார்ஜர் பெல்ட் தேய்ந்து வழுக்குகிறதா? இன்டர்கூலருக்குத் தண்ணீர் அனுப்பும் சின்ன மின் பம்ப் ஓடுகிறதா? காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா? ஸ்பார்க் பிளக் மாற்றி எவ்வளவு நாளாச்சு? கையேட்டில் சொன்ன ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோலைத்தான் போடுகிறீர்களா? இவற்றைச் சரி செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஆர்.சி.யில் ஒரு எழுத்துகூட மாறாது. தார் பெட்ரோல் போன்ற டர்போ வண்டிகளுக்கும் பெல்ட்டைத் தவிர ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

சக்தியைக் கூட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. அங்கே போட்டி விதிகள், தலைக்கவசம், தீயணைப்பு, மருத்துவ உதவி எல்லாம் உண்டு. போட்டிக்கென்றே மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகாமல் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்:

1. எனக்கு வேண்டியது சக்தியா, பிடிப்பா?
2. குறைந்த சக்தியைச் சரி செய்தேனா, அல்லது அதை மறைக்கப் புதிதாக மாட்டுகிறேனா?
3. இந்த மாற்றத்துக்குப் பிறகு, என் ஆர்.சி. என் வண்டியைப் பற்றி உண்மை சொல்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், அந்தப் புல்லியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.