கரண்ட் போனாலும் தரை நனையாத சம்ப்

நாலடி மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டர் ஒரு தொல்லை. மீன் நீந்த வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். கழுவக் கழற்றினால் தண்ணீர் முழுக்கக் கலங்கும். ஸ்டாண்டுக்குள் இன்னொரு தொட்டியை வைத்து, வடிகட்டும் வேலையை அங்கே மாற்றிவிடலாம். அதுதான் சம்ப். மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியே தானாக இறங்கும். வடிகட்டிய பிறகு மோட்டார் அதை மேலே ஏற்றும்.

1. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். அதற்கு இரண்டரை அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் சம்ப் போதும். பரணில் கிடக்கும் பழைய தொட்டியே இதற்கு உதவும். ஸ்டாண்டின் கதவு வழியே அது நுழையுமா, உள்ளே வைத்தபின் கைவிட்டுப் பஞ்சை எடுக்க மேலே இடமிருக்குமா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள்.

2. பழைய தொட்டியானால், வெளியே வைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்கக் கசிவு பாருங்கள். அடியில் தெர்மாகோல் ஷீட் அவசியம்.

3. சிலிகான் வாங்கும்போது ட்யூபைப் படித்துப் பாருங்கள். பாத்ரூமுக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிகானில் இருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. மீன்தொட்டிக்கு என்று குறிப்பிட்டிருப்பதே பாதுகாப்பு. வினிகர் நெடி அடியோடு போகும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

4. உள்ளே தடுப்புக் கண்ணாடிகள் 5 மி.மீ. கனத்தில் போதும், ஓரங்களைக் கடையிலேயே தேய்த்து வாங்குங்கள். தண்ணீர் ஒரு தடுப்பின் மேலேறி, அடுத்ததன் அடியில் நுழைந்து, மூன்றாவதன் மேல் வழிய வேண்டும். தடுப்புகளுக்கு நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். நுரைக்குமிழிகள் அங்கேயே உடைந்துவிடும், மேல்தொட்டிக்குப் போகாது.

5. வடிகால் குழாய்க்குக் கண்ணாடியில் துளை போடுவதே நல்லது. டஃபன்டு கண்ணாடியில் மட்டும் துளையிடக் கூடாது; அப்படியே நொறுங்கிவிடும். விளிம்பில் தொங்கவிடும் பி.வி.சி. சைபனை நான் சொல்லமாட்டேன். அதில் காற்று சேர்ந்தால் வடிகால் நின்றுபோகும். மோட்டாரோ ஏற்றிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி வழியும். துளை இரண்டாக இருக்கட்டும்; முதல் குழாயை இலையோ மீனோ அடைத்தால், சற்று உயரத்தில் இருக்கும் இரண்டாவது காப்பாற்றும். வடிகால் ஒன்றேகால் அங்குலம், ஏற்றும் குழாய் முக்கால் அங்குலம் வையுங்கள். வடிகாலின் வாயில் சல்லடை மாட்டாவிட்டால் கப்பிக் குஞ்சுகளெல்லாம் சம்புக்குக் குடிபோகும்.

6. எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு இது. கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும். மேல்தொட்டித் தண்ணீர் வடிகால் மட்டம்வரை இறங்கிவிடும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 1 செ.மீ. தண்ணீர் என்பது 5.4 லிட்டர். 3 செ.மீ. இறங்கினால் 16 லிட்டர். மேலே சொன்ன அளவுள்ள சம்பில் அது சுமார் 7 செ.மீ. ஏறும். அதற்கு மேலேயும் கொஞ்சம் காலி இடம் வேண்டும். ஏற்றும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால், அதன் வழியாகவும் தண்ணீர் திரும்பி இறங்கும். வாயை மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே வையுங்கள். நீர்மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் குறைந்ததும் அதில் காற்று புகுந்து இறக்கத்தை நிறுத்தும். பாசி அடைக்காமல் அதை அவ்வப்போது குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். சின்ன நத்தை ஓடு சிக்கினாலே மூடாது. எல்லாம் மாட்டியபின் நீங்களே சுவிட்சை அணைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது சம்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அதற்குமேல் ஒருநாளும் நிரப்பாதீர்கள்.

7. மோட்டார் மணிக்கு 1,000 முதல் 1,250 லிட்டர்வரை மேலே சேர்க்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு தரைமட்டத்துக்கானது. நாலடி ஏறும்போது வெகுவாகக் குறையும். 2,000 லிட்டர் மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள்.

8. சம்புக்குள் தண்ணீர் கடக்கும் வரிசையில் முதலில் பஞ்சு, அடுத்து ஸ்பாஞ்ச், கடைசியில் செராமிக் ரிங். பஞ்சை வாராவாரம் மாற்றலாம். ரிங்கைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. மீன் கழிவின் அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். புதுச் சம்பில் பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும்; அதுவரை பழைய ஃபில்டரும் ஓடட்டும்.

9. ஒயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொய்ந்து மேலேற வேண்டும். வழியும் நீர் தொய்வில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. அந்த லைனில் கசிவு மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. இருப்பது கட்டாயம். கைவிடும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

10. ஆவியாகும் தண்ணீரின் குறைவு சம்பில் மோட்டார் இருக்கும் தடுப்பறையில்தான் தெரியும். கோடையில் தினமும் பாருங்கள். மோட்டார் காய்ந்து ஓடினால் எரிந்துவிடும். கொசு முட்டையிடாமல் சம்பின் மேல் நைலான் வலை போட்டு மூடுங்கள்.