கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? ஆண்டு விழா மைக் செட்டில் ஓர் ஒலிப் பாடம்

ஆண்டு விழா, சுதந்திர தின விழா, இலக்கிய மன்றம், காலை வணக்கக் கூட்டம் என்று நம் பள்ளிகளில் மைக் இல்லாத வாரமே இல்லை. மாணவர்கள் நாள்கணக்கில் பயிற்சி எடுத்த பேச்சும் பாட்டும் நாடகமும் ஸ்பீக்கர் வழியாகத்தான் கூட்டத்தைச் சென்று சேர்கின்றன. ஆனால் கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குப் பல நேரம் சத்தம் கேட்கிறது, சொல் புரிவதில்லை. ‘சவுண்டைக் கூட்டுங்க’ என்று ஒரு குரல் வரும். கூட்டியதும் மைக் கூவும். மேடையில் நிற்கும் குழந்தை பயந்து பாதியில் நிறுத்திவிடும்.

சத்தம் வேறு, தெளிவு வேறு. ஒன்பதாம் வகுப்பு ஒலி பாடத்தையும் பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தையும் கொண்டு இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிக்க முடியும். அதற்காக ஆண்டு விழா ஒத்திகை நாளின் இரண்டு பாடவேளைகளை நான் செய்முறை வகுப்பாகப் பயன்படுத்துகிறேன். அந்த வகுப்பின் அமைப்பை இங்கே தருகிறேன்.

தேவையானவை

பள்ளியில் உள்ள மைக், ஆம்ப்ளிஃபையர், ஒரு ஸ்பீக்கர், அளவு நாடா, சுண்ணக்கட்டி, ஓர் எவர்சில்வர் தட்டு, மாணவர்களுக்குத் தாளும் பேனாவும். மின் இணைப்புகளை ஆசிரியரோ மைக் செட்காரரோ மட்டுமே தர வேண்டும். மூன்று முனை பிளக் அவசியம். ஈரத் தரையில் வயர் கிடக்கக் கூடாது.

செயல்பாடு 1: சொல் சோதனை

படம், தடம், கடம், வடம், மடம், பாடு, காடு, நாடு, மாடு, ஆடு. இந்தப் பத்துச் சொற்களை ஒரு மாணவி மேடையிலிருந்து இயல்பான குரலில் வாசிக்க வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவர்கள் காதில் விழுந்ததை எழுத வேண்டும். பட்டியலை முன்கூட்டியே காட்டக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை மாற்ற வேண்டும். ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம்.

சுற்று 1: மைக் வாயிலிருந்து 40 செ.மீ. தூரத்தில், ஸ்பீக்கர் தரையில்.
சுற்று 2: மைக் 10 செ.மீ. தூரத்தில்.
சுற்று 3: ஸ்பீக்கர் மேசை மீதோ ஸ்டாண்டிலோ, தலைகளுக்கு மேலே.
சுற்று 4: ஆம்ப்ளிஃபையரில் பேஸ் குமிழைக் குறைத்து.

முதல் சுற்றில் எங்கள் மாணவர்கள் பலர் ‘தடம்’ என்பதைப் ‘படம்’ என்று எழுதினார்கள். ‘ஆடு’ காடானது. சுற்றுகள் நகர நகரப் பிழைகள் குறைந்தன. ஏன் குறைந்தன என்ற கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

உயிரொலிகளுக்கு ஆற்றல் அதிகம். அவை தொலைவிலும் கேட்கும். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யொலிகள் வலுக்குறைந்தவை. அவற்றை அடையாளம் காட்டும் அதிர்வெண்களில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ளது. ஸ்பீக்கர் தரையில் இருந்தால் முன்வரிசையில் இருப்பவர்களின் உடலும் உடையும் முதலில் உறிஞ்சுவது இந்த உயர் அதிர்வெண்களைத்தான். பேஸைக் கூட்டினால் குரல் கனமாகத் தோன்றும். ஆனால் மெய்யொலிகள் அமுங்கிவிடும்.

செயல்பாடு 2: மைக் ஏன் கூவுகிறது?

தரையில் சுண்ணக்கட்டியால் மைக், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் ஆகியவற்றை வரைந்து, ஒலி செல்லும் பாதையை மாணவர்கள் நடந்து காட்டட்டும். குரல் மைக்கில் நுழைகிறது, ஆம்ப்ளிஃபையரில் பெருகுகிறது, ஸ்பீக்கரில் வெளிவருகிறது. அந்த ஒலியின் ஒரு பகுதி மீண்டும் மைக்கில் நுழைந்தால்? அது மறுபடி பெருகும். ஒரு சுற்று முடிந்து திரும்பும் ஒலி, முதலில் சென்றதைவிட வலுவாக இருந்தால் சுற்றுக்குச் சுற்று வளர்ந்துகொண்டே போகும். எந்த அதிர்வெண்ணில் இது முதலில் நிகழ்கிறதோ அந்த அதிர்வெண்ணே கூவலாக ஒலிக்கும். கூவல் எப்போதும் ஒரே சுருதியில் வருவது இதனால்தான். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள்.

இப்போது கணக்கு. திறந்த வெளியில் ஒலி மூலத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். 40 செ.மீ. 10 செ.மீ. ஆகும்போது தூரம் இருமுறை பாதியாகிறது. ஆகவே 12 டெசிபெல் லாபம். இதே லாபத்தை ஆம்ப்ளிஃபையரில் பெற 16 மடங்கு திறன் வேண்டும். அதைவிட முக்கியமானது: குமிழைத் திருகினால் குரலோடு சேர்ந்து கூவலின் சுற்றும் வலுக்கிறது. மைக்கை நெருங்கினால் குரல் மட்டுமே வலுக்கிறது.

இதிலிருந்து மாணவர்களே எழுதிய மேடை விதிகள்:

• வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடை இடைவெளி போதும். மைக்கைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்தால் ‘ப’ ஒலியின் காற்று ‘டப்’ என்று அடிக்காது.
• ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், கூட்டத்தை நோக்கி இருக்க வேண்டும். மைக்கின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்கக் கூடாது.
• மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுக்கும்படி அமைந்தவை. பொத்தினால் அந்த அமைப்பு கெட்டுக் கூவத் தொடங்கும்.
• பயன்படுத்தாத மைக்கை அணைத்துவிட வேண்டும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும்போது, கூவாமல் கூட்டக்கூடிய அளவு ஏறத்தாழ 3 டெசிபெல் குறைகிறது.

செயல்பாடு 3: தாமதமாக வரும் ஒலி

மைதானத்தின் ஒரு முனையில் ஒரு மாணவர் தட்டை அடிக்கட்டும். மற்றவர்கள் 100 மீட்டர் தள்ளி நின்று பார்க்கட்டும். கை தட்டில் படுவது முதலில் தெரியும், ஓசை பிறகு வரும். ஒலியின் வேகம் நொடிக்கு 344 மீட்டர் எனக் கொண்டால் தாமதம் ஏறத்தாழ 0.3 நொடி.

பின்வரிசைக்காக 34 மீட்டர் தள்ளி இன்னொரு ஸ்பீக்கர் வைப்பதாகக் கொள்வோம். வயரில் மின் சைகை கண நேரத்தில் அங்கே போய்விடும். மேடை ஸ்பீக்கரின் ஒலியோ காற்றில் நடந்து 0.1 நொடி கழித்து வரும். அங்கே இருப்பவர் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை கேட்பார். எதிரொலியைத் தனியே உணர 0.1 நொடி இடைவெளி வேண்டும் என்று நாம் நடத்தும் பாடம் இதுதான். பெரிய கச்சேரிகளில் பின்னால் உள்ள ஸ்பீக்கர்களுக்குச் செல்லும் சைகையை மிக்சரிலேயே அந்த அளவுக்குத் தாமதப்படுத்துவார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லையென்றால் ஸ்பீக்கர்களை மேடையின் இரு ஓரங்களிலும் உயரமாக வைப்பதே நல்லது.

காதுகளுக்காக

நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபெல் என்பதைக் காதுக்கான பாதுகாப்பு எல்லையாகப் பலநாட்டு வல்லுநர்கள் கொள்கிறார்கள். அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். பாக்ஸ் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் சிறு வகுப்புக் குழந்தைகளை உட்கார வைப்பதை இந்தக் கணக்கைப் பார்த்தபின் யாரும் செய்ய மாட்டோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்பதையும், திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

ஆசிரியர் நண்பர்களுக்கு

உங்கள் ஊர் மைக் செட்காரரை இந்த வகுப்புக்கு அழையுங்கள். மேடைக்கு எதிரே நடந்து நடந்து காது கொடுத்துப் பார்க்கும் அவருடைய பழக்கம், நம் சொல் சோதனையின் அனுபவ வடிவம்தான். அவர் கைப்பழக்கமாகச் செய்வதற்கு மாணவர்கள் காரணம் சொல்லட்டும்; மாணவர்கள் சொல்லும் காரணத்தை அவர் சோதித்துக் காட்டட்டும்.

எல்லாப் பள்ளியிலும் கணீர்க் குரல் உள்ள இரண்டு மூன்று பேருக்கே மைக் போய்ச் சேர்கிறது. மென்குரல் உள்ள பிள்ளைகளைச் ‘சத்தமாப் பேசு’ என்கிறோம். அவர்கள் அடுத்த முறை பெயரே கொடுப்பதில்லை. நான்கு விரற்கடைத் தூரமும் உயர்த்தி வைத்த ஸ்பீக்கரும் இருந்தால் அந்தக் குரலும் கடைசி வரிசை வரை சொல் பிசகாமல் போகும். அடுத்த ஒத்திகையில் சொல் சோதனைக்கு அப்படிப்பட்ட ஒரு பிள்ளையையே மேடையேற்றுங்கள்.