செங்கல் பெயர்ந்த தடம்

அன்புள்ள தங்கைக்கு,

மாளிகைமேட்டு அகழாய்வில் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். ஆண்டிமடத்துப் பெண்ணொருத்தி ராஜேந்திர சோழனின் தலைநகரில் குழியிறங்கப் போகிறாள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். கோயிலைத் தவிர அங்கே என்னதான் மிச்சம் என்று கேட்டிருந்தாயே, அதற்காகவே எழுதுகிறேன்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் கருங்கல், மாளிகைமேட்டில் இருந்த அரண்மனை செங்கல். சுட்ட செங்கல் யார் வீட்டுக்கும் உதவும், பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்லும் முழுசாகத் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்டியபோது கோயில் மதிலின் கற்கள் அங்கே போயின. 1980களில் மாநிலத் தொல்லியல் துறை மேட்டைத் தோண்டியபோது செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, தூண் நின்ற கருங்கல் பீடங்கள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய சின்னத் தட்டோடுகள் எல்லாம் கிடைத்தன. தூண்கள் மரமாயிருந்திருக்க வேண்டும், மக்கிவிட்டன. ஆனாலும் பீடமும் ஆணியும் ஓடும் ஒன்றுசேர்ந்தால் மேலே கூரை எப்படி நின்றதென்று ஊகித்துவிடலாம்.

இல்லாத சுவரையும் நீ தேட வேண்டும். செங்கல்லுக்காக வெட்டியவன் சுவர் போன போக்கிலேயே வெட்டியிருப்பான். குழியின் பக்கவாட்டில் லேசாகத் தண்ணீர் தெளித்து, கொத்துக்கரண்டியால் சுரண்டிப் பார். இறுகிய மண்ணுக்கு நடுவே, செங்கல் பொடியும் காரைத் துணுக்கும் கலந்த பொலபொலப்பான பட்டை ஒன்று நேராக இறங்கும். சுவர் இருந்த இடம் அதுதான். குப்பை மண் என்று வாரிக் கொட்டிவிடாதே. முதலில் வரைந்து வை.

விவிலியத்தில் வரும் ஆகாப் அரசனின் தலைநகர் சமாரியாவிலும் பிற்காலத்தார் கற்களைப் பெயர்த்திருந்தார்கள். 1930களில் அங்கே அகழாய்வில் வேலை பார்த்த கேத்லீன் கென்யன், பெயர்த்த பள்ளங்களைக் கொண்டே சுவர்களின் போக்கைப் பிடித்தார். 1931இல் போனபோது அவருக்கு வயது 25. உன் வயதுதான்.

ஊர்க்காரர்கள் சுரங்கப்பாதை பற்றியும் புதையல் பற்றியும் கேட்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல், அவர்களிடம் நீயும் கேட்க வேண்டியது உண்டு. நகரம் அந்த மேட்டோடு முடியவில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று ஊர்ப் பெயர்களிலேயே பரந்து கிடக்கிறது. லீவு நாளில் அங்கெல்லாம் போ. கிணறு வெட்டியபோது எத்தனை அடியில் செங்கல் தட்டியதென்று பெரியவர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள். முந்திரிக்கன்று வைக்கப் புதுசாகக் குழி எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்தால், மண்ணைத் திரும்பத் தள்ளுவதற்குள் போய்ப் பார்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்