வண்ணக் கட்டம் சொல்லும் சேதி



"நம்ம புள்ளைக்கு அடிக்கடி வயித்தால போகுது" என்று சொல்லாத வீடு குறைவு. எப்போது போகிறது, யாருக்கு அதிகம் போகிறது என்று கேட்டால் பதில் வராது. நினைவு மறக்கும், எழுதி வைத்த கணக்கு மறக்காது. அந்தக் கணக்குக்கு வண்ணமும் தீட்டிவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்குக்கூடப் பார்த்ததும் விளங்கிவிடும்.

1873-ஆம் ஆண்டிலேயே துசேன் லூவா என்பவர் பாரிஸ் நகரின் 20 வட்டாரங்களின் விவரங்களை இப்படி வண்ணக் கட்டமாகப் போட்டுக் காட்டினார். நகரத்துக்கு உதவியது வீட்டுக்கும் உதவும்.

செய்யும் முறை

1. நோட்டுத் தாளில் கட்டம் போடுங்கள். மேலே மாதங்கள், இடப்பக்கம் பிள்ளைகள்.

2. ஒரு நாளில் 3 முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனால் அது ஒரு பேதி நாள். மாதத்தில் எத்தனை நாள் என்று கட்டத்தில் எழுதுங்கள். குறிக்க மறந்த மாதத்துக்கு 0 போடக் கூடாது. பெருக்கல் குறி போடுங்கள்.

3. வண்ணத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 0 என்றால் வெள்ளை. 1, 2 என்றால் மஞ்சள். 3-க்கு மேற்பட்டாலும் 3 ஆனாலும் சிவப்பு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுதான். பிள்ளையின் கலர் பென்சிலே போதும்.

அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே முற்றம், ஒரே கிணறு என்று வைத்துக்கொள்வோம். ஆடி முதல் மார்கழி வரை கணக்கு இது:

அண்ணன் மகன் (7 வயசு): 0, 0, 0, 2, 3, 0
அண்ணன் மகள் (5 வயசு): 0, 0, 1, 3, 3, 0
தம்பி மகன் (4 வயசு): 0, 1, 0, 2, 4, 1
தம்பி மகள் (1 வயசு): 2, 1, 3, 4, 5, 2

படிக்கும் முறை

மேலிருந்து கீழே பாருங்கள். கார்த்திகை முழுக்கச் சிவப்பு. நாலு பிள்ளைக்கும் ஒரே மாதம் வந்தால், எல்லோருக்கும் பொதுவானதைச் சந்தேகிக்க வேண்டும். மழைத் தண்ணீர் அழுக்கோடு கிணற்றில் இறங்குகிறதா? தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் கொடுங்கள். கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட ஊராட்சியில் சொல்லுங்கள்.

இனி இடமிருந்து வலமாகப் பாருங்கள். சின்னவள் வரிசையில் வெள்ளையே இல்லை. தண்ணீர் மட்டும் காரணம் என்றால் எல்லா மாதங்களிலும் அவளுக்கு மட்டும் ஏன்? பால் புட்டியா? ஊட்டுகிற கை சோப்புப் போட்டுக் கழுவிய கையா? புட்டியை விட்டுவிட்டுக் கிண்ணமும் கரண்டியும் வையுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். 2 வயது வரையும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். வண்ணம் காரணத்தைச் சொல்லாது. எங்கே தேட வேண்டும் என்று விரல் நீட்டும். தாளைக் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டிக் கலந்து பேசுங்கள்.

பேதி கண்டால்

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். செவிலியர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். பேதி நின்றாலும் நடுவில் விடக் கூடாது. கண் குழி விழுந்தால், பிள்ளை துவண்டு போனால், குடிக்க முடியாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் கட்டம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள், வண்டிக்கு 108.

"இதெல்லாம் அவ வேலை" என்று அப்பாமார்கள் ஒதுங்கக் கூடாது. அம்மா நாளைச் சொல்லட்டும், அப்பா வண்ணம் தீட்டட்டும். அடுத்த கார்த்திகையில் அந்தக் கட்டங்கள் வெள்ளையாக இருப்பதே உங்கள் வெற்றி.