சோனியா எழுதிய கடிதம்

1812-ஆம் ஆண்டு நெப்போலியன் பெரும்படையுடன் ருஷியாவுக்குள் நுழைந்தான். அந்தப் போரை நடுவில் வைத்து டால்ஸ்டாய் எழுதிய நாவல் 1865 முதல் 1869 வரை வெளிவந்தது. அதனை டி. எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' எனத் தமிழில் தந்தார். போர்க்களப் பக்கங்கள் சிலவற்றை நாம் வேகமாகப் புரட்டினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். படித்தவர் பலரும் நடாஷாவைப் புகழ்வர். நாம் இங்கே காண விரும்புவது சோனியாவை.

ராஸ்டோவ் பிரபுவின் வீட்டில் வளரும் பெற்றோரற்ற உறவுப் பெண் அவள். அவ்வீட்டு மகன் நிக்கொலாய் அவளையே மணப்பதாக வாக்களித்திருந்தான். தோலகோவ் என்னும் அதிகாரி பெண் கேட்டபோதும், கையில் காசில்லாத அவள் மறுத்துவிட்டாள். அந்தத் தோலகோவிடமே நிக்கொலாய் சீட்டாட்டத்தில் 43,000 ரூபிள் தோற்கிறான். பிரபுவின் சொத்து முன்பே கரைந்துகொண்டிருந்தது. பணக்கார மருமகள் வந்தால்தான் குடும்பம் தலைநிமிரும் என்பது தாயாரின் எண்ணம்.

போர் மூண்டபின், நிக்கொலாய் ஒரு கிராமத்தில் இளவரசி மரியாவைச் சந்திக்கிறான். அவள் தந்தையை இழந்து சில நாட்களே ஆகின்றன. பிரெஞ்சுப் படை நெருங்குகிறது. குடியானவர்களோ அவளை வெளியேற விடாமல் தடுக்கின்றனர். அவன் அவர்களை அடக்கி அவளை வழியனுப்புகிறான். மரியா அழகியல்லள், பெருஞ்சொத்துக்கு உரியவள், பக்தியும் நல்லுள்ளமும் உடையவள். அவளை வெறுக்கவும் நமக்கு மனம் வரவில்லை.

மாஸ்கோவை விட்டுப் புறப்படுகையில் ராஸ்டோவ் குடும்பத்தார் சாமான்களை இறக்கிவிட்டுக் காயமுற்ற வீரர்களை வண்டிகளில் ஏற்றுகின்றனர். அவர்களுள் ஒருவன் மரியாவின் அண்ணன் அந்திரேய். முன்பு நடாஷாவுக்கு நிச்சயிக்கப்பட்டவன். அந்நாட்களில்தான் தாயார், நிக்கொலாயை வாக்கிலிருந்து விடுவித்துக் கடிதம் எழுதும்படி சோனியாவிடம் கண்ணீருடன் கேட்கிறாள். வளர்த்த கடனை இப்படி அடைக்கச் சொல்கிறாள்! சோனியாவும் எழுதுகிறாள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்திரேய் பிழைத்து நடாஷாவை மணந்தால், நிக்கொலாய் மரியாவை மணக்க இயலாது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம்மவரிடையே உண்டு. ருஷியத் திருச்சபை அதற்கு இடங்கொடுக்கவில்லை. அந்திரேய் தேறி வருவதாகத் தோன்றிய வேளையில்தான் அவள் பேனாவைத் தொட்டாள். தியாகம் செய்யும்போதே அவள் மனத்தின் ஓரத்தில் ஆசை ஒளிந்திருந்தது. இதற்காகச் சிலர் அவளைக் கள்ளி எனலாம். நமக்கோ இவ்விடத்தில்தான் அவள்மீது அன்பு மிகுகிறது. அவள் புனிதையல்லள், அவனைத் தவிர வேறெதுவும் இல்லாத பெண்.

அந்திரேய் இறந்துபோகிறான். நிக்கொலாய் மரியாவை மணக்கிறான். சோனியா அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள்.

பின்னொரு நாள் நடாஷா, உள்ளவனுக்குக் கொடுக்கப்படுவதையும் இல்லாதவனிடமிருந்து எடுக்கப்படுவதையும் கூறும் நற்செய்தி வசனத்தைச் சோனியாவுக்குப் பொருத்தி, மரியாவிடம் பேசுகிறாள். இதை நாம் ஏற்கவில்லை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் அவ்வசனம் தாலந்து உவமையோடு வருகிறது. அங்கே தண்டனை பெறுபவன், தலைவன் தந்ததை மண்ணில் புதைத்த சோம்பேறி ஊழியன். சோனியா எதைப் புதைத்தாள்? அவளிடம் இருந்த ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் அவ்வீட்டார் அல்லவா? நடாஷா இரக்கமற்றவளும் அல்லள். காயமுற்றோருக்காக வண்டிகளைக் காலிசெய்ய வேண்டுமென்று பெற்றோரிடம் போராடியவளே அவள்தான். முன்பின் அறியாத வீரர்களுக்கு இரங்கிய அவள், கூடவே வளர்ந்தவளைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டாள்.

முடிவுரைப் பகுதியில் வீட்டார் தேநீருக்குக் கூடுகின்றனர். சோனியா களைத்த முகத்துடன் சமோவாரின் முன்னே அமர்ந்திருக்கிறாள்.