மெலிந்த விராலைத் தேற்றும் முறை

கோடையில் குளம் வற்றும்போது, வில்லியனூரை அடுத்த அரியூர் போன்ற சிற்றூர்களில், சேற்றுக் குட்டையில் எஞ்சிய விரால்கள் இரையின்றி மெலிவதுண்டு. தலை பருத்து, வயிறு ஒட்டியிருத்தல் பட்டினியின் அறிகுறியாகும். இவற்றைக் கைவிடலாகாது, மழை வந்ததும் குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பவல்லவை இவையே.

நிழலிலுள்ள தொட்டியில் தெளிந்த குளத்துநீரை நிரப்பி, மீனைத் தனியே விடுக. ஒன்றாக விட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். விரால் வெளிக்காற்றையும் சுவாசிப்பதால், நீருக்கு மேல் இடைவெளி வேண்டும். துள்ளி வெளியேறாதபடி வலையால் மூடுக.

முதல் நாள் இரை வேண்டா, மீன் அமைதியடையட்டும். மறுநாள் முதல் மண்புழுவோ, நறுக்கிய சிறுமீனோ சிறிதளவு இடுக. இரக்கப்பட்டு மிகுதியாக இடுவதே பலரும் செய்யும் பிழை. பட்டினி கிடந்த குடல் அதனைச் செரிக்காது. எஞ்சிய இரை அழுகி நீரையும் கெடுக்கும். அரைக் கிலோ மீனுக்குத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 5 கிராம் போதும். நன்கு உண்ணத் தொடங்கியபின் படிப்படியாக 15 கிராம் வரை உயர்த்தலாம். மிச்சத்தை அன்றே அகற்றி, நீரில் கால் பங்கை மாற்றுக.

குளத்தின் ஒரு மூலையில், கோடையிலும் நீர் நிற்குமாறு ஆழமான பள்ளம் வெட்டி வைப்பது பஞ்சாயத்தின் கடமை. அவ்வாறு செய்யின் இத்துன்பம் பெரிதும் குறையும்.